கதவைத் தட்டிட்டு வாங்க பாஸ்!

ஆடலூர்ல காலையில பஸ் ஏறுற ஒரு பொண்ணை கொஞ்சம் மனசுல கொண்டு வாங்க. கீழ்ப்பழனி மலை. ரெண்டு பக்கமும் காப்பித் தோட்டம், மரத்துல ஏறிப் படர்ந்த மிளகுக்கொடி, நடுவுல வளைஞ்சு வளைஞ்சு இறங்குற ரோடு. பொண்ணு கையில ஒரு பெரிய பை. திண்டுக்கல்ல காலேஜ், ஹாஸ்டல்ல முதல் நாள்.

பன்றிமலை வர்றதுக்குள்ள பஸ்ஸுல இருக்குற அத்தனை பேருக்கும் ஜாதகம் தெரிஞ்சு போயிருக்கும். "எந்தக் காலேஜு தாயி? என்ன குரூப்பு? அப்பா தோட்டத்துல இந்த வருஷம் காய்ப்பு எப்பிடி? அந்த வத்தலக்குண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?" தருமத்துப்பட்டியில பஸ் சமவெளியைத் தொடும்போது, அந்தப் பொண்ணுக்கே தெரியாத ரெண்டு விஷயமும் சேர்ந்து கீழே இறங்கியிருக்கும்!

இந்த ஊருக்குப் போய் 'பிரைவசி அடிப்படை உரிமை'னு லெக்சர் அடிச்சா சிரிப்பாங்களா, மாட்டாங்களா? அதுவும் அந்த வார்த்தைக்கு நம்மகிட்ட சரியான தமிழே இல்லை. 'தனிமை'னு சொன்னா யாரும் இல்லாம தவிக்கிற மாதிரி இருக்கு. 'அந்தரங்கம்'னு சொன்னா சிலர் ஒரு மாதிரியா சிரிக்கிறாங்க. 'தனியுரிமை'ன்னு இப்போ பத்திரிகைகள்ல எழுதுறாங்க. இந்தக் கட்டுரைக்கு அதையே வெச்சுக்குவோம். ஆனா என்னைக் கேட்டா, நம்ம ஊர்ல அதுக்கு ரொம்ப நாளா ஒரு பழக்கம் இருக்கு. கதவு திறந்தே கிடந்தாலும் வாசல்ல நின்னு, "வீட்ல யாருங்க?"னு ஒரு குரல் கொடுத்துட்டுத்தான் உள்ளே போவோம். மேட்டர் அவ்வளவுதான். அந்தக் குரல்.

ராத்திரியில தட்டின கதவு

நம்ம அரசியல் சட்டத்துல மூணாவது பகுதியை எடுத்துப் பாருங்க. சமத்துவம், பேச்சுரிமை, மத உரிமை, உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புன்னு வரிசையா இருக்கும். தனியுரிமைங்கிற சொல்லைத் தேடினா கிடைக்காது. 1950ல எழுதி வைக்கல. அப்புறம் எங்கிருந்து முளைச்சுது?

உத்தரப்பிரதேசத்துல கரக் சிங்னு ஒருத்தர். ஒரு கொள்ளை வழக்குல பிடிச்சாங்க. ஆதாரம் இல்லைன்னு விட்டுட்டாங்க. அதோட முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியல. போலீஸ் அவர் பேர்ல 'ஹிஸ்டரி ஷீட்' ஒண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டாங்க. வீட்டுக்கு யார் வர்றா, யார் போறான்னு மறைஞ்சு நின்னு பார்ப்பாங்க. ஊரை விட்டுப் போனா விவரம் சொல்லணும். நடு ராத்திரியில கான்ஸ்டபிள் வந்து கதவைத் தட்டி, தூங்குற மனுஷனை எழுப்பி, "உள்ளே இருக்கியா?"னு பார்த்துட்டுப் போவார். தினம் தினம் இது நடந்தா குற்றவாளி என்ன, சாமியாருக்கே பைத்தியம் பிடிச்சுடும்!

கரக் சிங் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1962 டிசம்பர்ல தீர்ப்பு. ஆறு நீதிபதிகள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் என்.ராஜகோபால அய்யங்கார். எதிர்த்து எழுதியவர் கே.சுப்பா ராவ். ரெண்டு பேருமே நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதியா இருந்துட்டு டெல்லிக்குப் போனவங்க. ஒரே வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பக்கமா நின்ன மாதிரி.

பெரும்பான்மை என்ன சொல்லிச்சு? ராத்திரி கதவு தட்டுறது தப்பு, அதை நிறுத்துங்க. ஆனா கண்காணிக்கிறது தப்பில்லை, ஏன்னா தனியுரிமைனு ஒரு அடிப்படை உரிமையே நம்ம சட்டத்துல கிடையாது! சுப்பா ராவும் நீதிபதி ஷாவும் ஒத்துக்கல. ஒருத்தனை எங்கே போனாலும் ஒரு ஜோடிக் கண்ணு பின்னாடியே வந்தா, அவன் எப்படி சுதந்திரமா நடப்பான், எப்படி மனசுல பட்டதைப் பேசுவான்? கால்ல சங்கிலி இல்லைங்கிறதால மட்டும் அவன் சுதந்திர மனுஷனா? கண்காணிப்பு மொத்தமும் செல்லாதுங்கிறதுதான் சுப்பா ராவ் கட்சி. அன்னிக்குத் தோத்துப்போன கட்சி. அதை ஓரமா எடுத்து வைங்க, திரும்ப வருவோம்.

ஆட்டோ சங்கர் எழுதின கதை

அடுத்த கதை சுத்தமா நம்ம ஊர்க் கதை. உங்க அப்பா அம்மாகிட்ட கேட்டா கண்ணை விரிச்சு சொல்வாங்க. 1980கள்ல சென்னையைக் கலக்கின தொடர் கொலைகள், தூக்கு தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர். ஜெயில்ல உட்கார்ந்து முந்நூறு பக்கத்துக்குத் தன் கதையை எழுதினார். அதுல எந்தெந்த அதிகாரிங்க தனக்குக் கூட்டாளியா இருந்தாங்கன்னும் எழுதினதா பேச்சு. அதைத் தொடரா வெளியிடப் போறோம்னு 'நக்கீரன்' அறிவிச்சுது.

அவ்வளவுதான், சிறைத்துறையில இருந்து கடிதம் பறந்து வந்துச்சு. இது அவர் எழுதினதே இல்லை, வெளியிடக் கூடாது, வெளியிட்டா நடவடிக்கைன்னு. நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால், அதாங்க மீசைக்கார கோபால், நேரா சுப்ரீம் கோர்ட் போனார். 1994 அக்டோபர் 7ல தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஜீவன் ரெட்டி.

இந்தத் தீர்ப்பு ஒரே நேரத்துல ரெண்டு வேலை செஞ்சுது, கவனமா பாருங்க. ஒண்ணு: தனியுரிமை இருக்கு, அது 21வது பிரிவுல சொல்ற உயிர் வாழும் உரிமைக்குள்ளேயே அடங்கியிருக்கு, ஒருத்தரோட குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு பத்தி அவர் சம்மதம் இல்லாம எழுதக் கூடாது. ரெண்டு: அதே உரிமையைக் கேடயமா பிடிச்சுக்கிட்டு அதிகாரிங்க ஒளிஞ்சுக்க முடியாது! பதவியில இருக்கும்போது செஞ்ச வேலையைப் பத்தி எழுதினா 'என் பிரைவசி போச்சு'னு கத்த முடியாது. பத்திரிகை அச்சாகுறதுக்கு முன்னாடியே தடை போட அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை. கோர்ட் ஆவணங்கள்ல ஏற்கெனவே இருக்கிற விஷயத்தை யாரும் எழுதலாம். ஆனா பாலியல் கொடுமைக்கு ஆளான பொண்ணோட பேர் மட்டும் எந்த ஆவணத்துல இருந்தாலும் வெளியே வரக் கூடாது.

ஒரு கொலைக் கைதியோட நோட்டுப் புத்தகத்துல இருந்து இவ்வளவு பெரிய சட்டம் வந்துச்சுன்னா நம்ப முடியுதா? தீர்ப்பு வந்து ஏழாவது மாசம், 1995 ஏப்ரல்ல, சேலம் ஜெயில்ல அவரைத் தூக்குல போட்டாங்க. நாடு முழுக்க சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்னிக்கும் 'ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு'னு அந்தக் கேஸை உருப்போடுறாங்க.

'அப்படி ஒரு உரிமையே கிடையாது!'

இவ்வளவு நடந்தும் விஷயம் முடியல. ஆதார் வந்துச்சு. கர்நாடக உயர் நீதிமன்றத்துல ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, எண்பது வயசு தாண்டினவர், 2012ல ஆதாரை எதிர்த்து வழக்கு போட்டார். 2015ல மத்திய அரசு வழக்கறிஞர் எழுந்து கோர்ட்ல ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: தனியுரிமை அடிப்படை உரிமையே இல்லை, 1954ல எட்டு நீதிபதிகள், 1962ல ஆறு நீதிபதிகள் அப்படித்தான் சொல்லியிருக்காங்க, அதுக்கப்புறம் வந்த சின்ன அமர்வுகள் சொன்னது செல்லாதுன்னு. டெக்னிக்கலா பார்த்தா பாயின்ட்தான்.

அதனால ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்தாங்க. 2017 ஆகஸ்ட் 24. 547 பக்கம். ஒன்பது பேரும் ஒரே குரல்ல: தனியுரிமை அடிப்படை உரிமை. சுப்பா ராவ் 55 வருஷம் கழிச்சு ஜெயிச்சார்.

அதுல ஒரு சுவாரஸ்யம். எமர்ஜென்சி சமயத்துல, 1976ல, மிசாவுல உள்ளே போனவங்க கோர்ட்டுக்கே வர முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு இருக்கே, நம்ம ஊர்ல மிசாவுல அடி வாங்கின தாத்தாக்கள் மறக்காத தீர்ப்பு, அதுல கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தர் ஒய்.வி.சந்திரசூட். 2017ல அந்தத் தீர்ப்பு தப்புன்னு எழுதி ரத்து செஞ்சவர் அவர் மகன் டி.ஒய்.சந்திரசூட்! அப்பா போட்ட முடிச்சை மகன் அவிழ்த்தார்.

சரி, இதனால மத்த உரிமைகளுக்கு என்ன லாபம்? அங்கதான் விஷயமே இருக்கு. 1950ல ஏ.கே.கோபாலன்னு ஒரு கம்யூனிஸ்ட் தலைவரை அன்னிக்கிருந்த சென்னை மாகாணத்துல தடுப்புக் காவல்ல வெச்சாங்க. அந்த வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு உரிமையையும் தனித்தனி டப்பாவா பார்த்துச்சு. பேச்சுரிமை ஒரு டப்பா, உயிர் உரிமை இன்னொரு டப்பா. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. 1970லயும் 1978லயும் வந்த தீர்ப்புகள் அந்த டப்பா மூடியை எல்லாம் கழட்டிச்சு. 2017 தீர்ப்பு, தனியுரிமைங்கிறது இன்னொரு புது டப்பா இல்லை, எல்லா உரிமைக்குள்ளேயும் ஓடுற ரத்தம்ங்கிற இடத்துக்கு வந்து நின்னுச்சு. ஓவரா இருக்கா? நம்ம ஆடலூர்ப் பொண்ணையே வெச்சுப் பார்ப்போம்.

49 ஓ ஞாபகம் இருக்கா?

அந்தப் பொண்ணுக்கு முதல் ஓட்டு. நிக்கிற யாரையும் பிடிக்கல. 2013க்கு முன்னாடின்னா '49 ஓ'ன்னு ஒரு வழி இருந்துச்சு. வாக்குச்சாவடி அதிகாரிகிட்ட வாயைத் திறந்து "எனக்கு யாருக்கும் ஓட்டுப் போட விருப்பம் இல்லை"ன்னு சொல்லணும். அவர் ரெஜிஸ்டர்ல எழுதுவார், நீங்க கையெழுத்து போடணும். சென்னையில ஓகே. மலையில ஒரு சின்ன பூத்துல? பக்கத்துல உட்கார்ந்திருக்குற ஏஜென்ட் ஒருத்தர் சித்தப்பா, இன்னொருத்தர் அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர். யாருங்க வாயைத் திறப்பா?

2013 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், ஓட்டுப் போடுறவருக்கு ரகசியம் உண்டுன்னா ஓட்டுப் போடாம மறுக்கிறவருக்கும் அதே ரகசியம் உண்டுன்னு சொல்லி மெஷின்லயே 'நோட்டா' பட்டன் வைக்கச் சொல்லிச்சு. பேச்சுரிமைங்கிற 19வது பிரிவு ஏட்டுல இருந்துச்சு. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு அட்டைத் தடுப்பு கிடைச்சப்போதான் அது கைக்கு வந்துச்சு.

அடுத்து ஹாஸ்டல். இது உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சோகம்! கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியில பெண்கள் விடுதியில சாயங்காலம் 6 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் செல்போனை வார்டன்கிட்ட கொடுத்துடணும்னு ரூல். ஒரு பி.ஏ. மாணவி, நான் படிக்கிறதே இதுலதான், கொடுக்க மாட்டேன்னாங்க. ஹாஸ்டலை விட்டு வெளியே போன்னாங்க. அவங்க கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2019 செப்டம்பர்ல நீதிபதி பி.வி.ஆஷா, இன்டர்நெட்டைப் பயன்படுத்துறது கல்வி உரிமையோடவும் தனியுரிமையோடவும் சேர்ந்ததுன்னு சொல்லி, அந்தப் பொண்ணைத் திரும்பச் சேர்த்துக்கச் சொன்னார். ஒழுங்குக்கு ரூல் போடலாம், ஆனா 18 வயசு தாண்டின ஒரு ஆளை அவர் விருப்பத்துக்கு எதிரா இப்படிக் கட்டிப்போட முடியாதுங்கிறதுதான் சாரம். கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது, நிஜம். ஆனா நம்ம வக்கீல் எடுத்துக் காட்டலாம்.

ஊருக்குத் தெரிஞ்சா உயிருக்கு ஆபத்து

இந்த இடத்துல கொஞ்சம் சீரியஸா பேசணும். பஸ்ஸுல எல்லாரும் கேள்வி கேட்கிறதை மேலே தமாஷா எழுதினேன். ஊர் நம்மைப் பத்தித் தெரிஞ்சு வெச்சிருக்கு, நாமும் ஊரைப் பத்தித் தெரிஞ்சு வெச்சிருக்கோம், அதனால சரிக்குச் சரின்னு தோணும். எப்பவும் அப்படி இல்லை.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், பட்டப்பகல். ஒரு தலித் இன்ஜினீயரிங் மாணவரை அவர் மனைவி கண் முன்னாடியே வெட்டிக் கொன்னாங்க. மனைவி பழனிக்காரப் பொண்ணு, வேற சாதி, காதல் கல்யாணம். இந்த மலையோட அடிவாரத்து ஊர்க்காரங்களுக்கு அந்த சிசிடிவி காட்சி இன்னும் கண்ணுல நிக்கும்.

இப்போ ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட், அதாவது 1954ம் வருஷ சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பாருங்க. மதம் மாறாம கல்யாணம் பண்ணிக்க நம்ம நாட்டுல இருக்குற வழி. ஆனா 30 நாள் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும். பேர், வயசு, விலாசம் எல்லாத்தையும் அலுவலக போர்டுல ஒட்டுவாங்க. 'ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க'ன்னு ஊருக்கே பத்திரிகை வைக்கிற மாதிரி! யார் முதல்ல படிப்பாங்கன்னு சொல்லணுமா?

2021 ஜனவரியில அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017 தீர்ப்பைக் கையில எடுத்து, ஜோடி எழுதிக் கேட்டா மட்டும் நோட்டீஸ் ஒட்டினா போதும், இல்லைன்னா வேண்டாம்னுச்சு. அது அந்த மாநிலத்துக்கு. நம்ம பக்கம் சட்டம் எழுத்துல அப்படியே இருக்கு. சமத்துவம், உயிர் வாழும் உரிமை, விரும்பினவரோட வாழும் உரிமை எல்லாம் புத்தகத்துல பத்திரமா இருக்கு. ஒரு போர்டுல ஒட்டின தாளு அதை எல்லாம் காலி பண்ணிடும்.

2018ல 377வது பிரிவு விழுந்ததும் இதே தீர்ப்பு போட்ட அஸ்திவாரத்துலதான். வயது வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட வாழுறது யாரோடன்னு போலீஸுக்கு என்ன கவலைங்கிற கேள்வி அது.

ஆனா 'வீட்டு விஷயம், வெளியே பேசாதே'னு பொண்டாட்டியை அடிக்கிறவரும் பிரைவசி கேட்பாரே? கேட்க முடியாது. நாலு சுவத்துக்குள்ள நடக்கிற கொடுமைக்குத் தனியுரிமை திரை இல்லைன்னு சந்திரசூட் தன் தீர்ப்பிலேயே எழுதி வெச்சுட்டார். உரிமை வீட்டுக்கு இல்லை, வீட்டுக்குள்ள இருக்குற ஒவ்வொரு ஆளுக்கும்.

ரேகை விழாத கை

நம்ம பொண்ணோட பாட்டியை மறந்துட்டோம். வருஷக்கணக்கா காப்பிப் பழம் பறிச்ச கை. மிளகு உதிர்த்த கை. ரேகை தேய்ஞ்சு போன விரலை ரேஷன் கடை மெஷின்ல எத்தனை தடவை வெச்சாலும் அது பல்லைக் காட்டும். 2018 செப்டம்பர் 26ல ஆதார் சட்டம் செல்லும்னு நாலு நீதிபதிகள் சொன்னாங்க, சந்திரசூட் மட்டும் எதிர்த்தார். பெரும்பான்மையும் சும்மா விடல. அரசு உதவிக்கு ஆதார் கேட்கலாம், ஆனா ரேகை ஒத்துப்போகலைங்கிறதுக்காக யாருக்கும் உதவியை மறுக்கக் கூடாது, வேற அடையாளத்தை ஏத்துக்கணும். சிம் கார்டுக்கும் பேங்க் கணக்குக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஸ்கூல் அட்மிஷனுக்குக் கட்டாயம் இல்லை. (அடுத்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, நாமளா விரும்பிக் கொடுத்தா சிம்முக்கும் பேங்க்குக்கும் வாங்கிக்கலாம்னு ஆக்கிட்டாங்க. கவுன்ட்டர்ல 'விரும்பி'ங்கிற வார்த்தைக்கு என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்.)

அரசாங்கம் நம்ம கதவைத் திறக்கணும்னா அதுக்கு 2017 தீர்ப்பு வெச்ச பரீட்சை இது. முதல்ல, அதுக்கு ஒரு சட்டம் இருக்கா? சட்டத்துக்கு நியாயமான நோக்கம் இருக்கா? அந்த நோக்கத்துக்கு இவ்வளவு தூரம் உள்ளே வரணுமா, கொசு அடிக்கக் கோடாலியா? இது வெறும் பேப்பர் பரீட்சை இல்லை. 2025 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்சப் புகாருக்காக 2011ல மத்திய உள்துறை போட்ட போன் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செஞ்சார். பொது அவசர நிலை இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை, அப்புறம் எதுக்கு ஒட்டுக் கேட்டீங்கன்னு.

அரசாங்கத்தை விடுங்க, ஆப் கம்பெனிகள்? அதுக்கு 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 2025 நவம்பர்ல விதிகள் வெளியாச்சு, பெரும்பாலான கடமைகளை நிறைவேத்த கம்பெனிகளுக்கு 18 மாசம் டைம் கொடுத்திருக்காங்க. நம்ம விவரத்தைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம். 18 வயசுக்குக் கீழேன்னா அப்பா அம்மா சம்மதம் வேணும். ஃபர்ஸ்ட் இயர்ல 17 வயசோட இருக்கிறவங்க சட்டப்படி குழந்தைங்க! கோபப்படாதீங்க.

இதே சட்டம் இன்னொரு வேலையும் செஞ்சுது, எனக்கு அது பிடிக்கல. தகவல் உரிமைச் சட்டத்துல 8(1)(ஜே) பிரிவை மாத்திட்டாங்க. முன்னாடி, தனிப்பட்ட தகவலா இருந்தாலும் பொது நலன் இருந்தா அந்தப் பிரிவுலயே கொடுக்க வழி இருந்துச்சு. இப்போ 'தனிப்பட்ட தகவல்' அப்படின்னாலே மறுக்கலாம். 8(2)ல பொது நலன் காட்டி வாதாடுற வழி மிச்சம் இருக்கு, ஆனா முதல் கதவு சாத்தியாச்சு. மலை ரோடு போட்ட கான்ட்ராக்டர் யாரு, நூறு நாள் வேலைப் பட்டியல்ல யார் பேர் இருந்துச்சுன்னு கேட்டா, 'அது அவரோட பிரைவசி தம்பி'ன்னு பதில் வரலாம். 1994ல அதிகாரிங்களுக்கு இந்தக் கேடயம் கிடையாதுன்னு நக்கீரன் கேஸ்ல சொன்னது இதைத்தானே?

கடைசியா, கைக்கு உதவுற ஒரு விஷயம். உரிமை மீறப்பட்டா உயர் நீதிமன்றத்துல 226வது பிரிவுல ரிட் போடலாம். ஆடலூர், திண்டுக்கல் எல்லாம் மதுரைக் கிளைக்குக் கீழே வரும். 2004 ஜூலையில அது திறக்குறதுக்கு முன்னாடின்னா சென்னைக்கு ராத்திரி பஸ் பிடிக்கணும். வக்கீலுக்குக் காசு? 1987ம் வருஷ சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்துல ஆபீஸ் இருக்கும், போன்ல கேட்கணும்னா 15100. பாட்டிக்கு அரிசி மறுத்தாலும் சரி, பேத்தியோட போனைப் பிடுங்கினாலும் சரி, அதே நம்பர்தான்.